டேகேரில் காயச் சீட்டு எழுதுகிறோம், அதை யார் படிக்கிறார்கள்?

வேப்பம்பூ · வெள்ளி, இரவு 10:50

எல்லோருக்கும் வணக்கம். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் லைசென்ஸ் உள்ள ஒரு டேகேரில் டைரக்டராக இருக்கிறேன். சென்டர் பெயர் வேண்டாம். இரவு வகுப்பில் குழந்தைக் கல்விப் பாடங்களில் 12 யூனிட் முடித்து டீச்சர் ஆனவள், டைரக்டர் ஆகி நாலு வருஷம் ஆகிறது.

போன வாரம் ஒரு அப்பா ஒரு கவரிலிருந்து ஆறு சீட்டுகளை எடுத்து என் மேஜையில் வரிசையாக வைத்தார். எல்லாம் எங்கள் 'அவுச் ரிப்போர்ட்'. பிள்ளை விழுந்தாலோ, இடித்துக்கொண்டாலோ, இன்னொரு பிள்ளை கடித்தாலோ டீச்சர் எழுதி, மாலையில் கூட்டிப்போக வருகிறவரிடம் கையெழுத்து வாங்குகிற சீட்டு. அவர் சண்டைக்கு வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "மேடம், ஆறுலயும் நெத்திதான். ஆறுலயும் ஐஸ் வச்சோம், அணைச்சுக்கிட்டோம்னு இருக்கு. அதெல்லாம் சரி. ஆறாவது தடவை ஏன் விழுந்தான்னு யாராவது யோசிச்சீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் யாரும் யோசிக்கவில்லை. சீட்டின் நகல் அந்தப் பிள்ளையின் ஃபைலுக்குள் போகும். பிள்ளை சென்டரை விட்டுப் போனால் ஃபைல் அட்டைப்பெட்டிக்குப் போகும். எல்லாச் சீட்டையும் பிள்ளைவாரியாகக் கோர்க்கிறோம். எந்த அறை, எந்த மூலை, எத்தனை மணி என்று யாரும் கோர்த்ததே இல்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவரும் சீட்டு இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சென்டரைத் திறந்து, இரண்டு வருஷத்துச் சீட்டுகளை, நடை பழகிய சின்னப் பிள்ளைகள் இருக்கும் டாட்லர் அறைத் தரையில் பரப்பினேன். முதலில் நேரப்படி அடுக்கினேன். பெரும்பாலானவை காலை 11:15க்கும் 11:45க்கும் நடுவில் வந்து விழுந்தன. அந்த அரை மணியில் ஒரு டீச்சர் டயபர் மாற்றுகிறார், இன்னொருவர் சாப்பாட்டு மேஜை போடுகிறார். ஒரு டீச்சருக்கு ஆறு டாட்லர் என்பது சட்டக் கணக்கு. அந்தக் கணக்கு அந்த நேரத்திலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் மேல் ஒரு கண்ணும் இல்லை.

பிறகு இடப்படி அடுக்கினேன். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டைப் புத்தக அலமாரி இருக்கிறது. பிள்ளைகள் கை கழுவ வரிசையில் நிற்பது அங்கேதான். தரையில் தண்ணீர் சொட்டும். தவழும் குழந்தைகள் இருப்பதால் எல்லோருக்கும் ஷூ கழற்றிய கால், வழுக்குகிற சாக்ஸ். அலமாரியின் மூலை சரியாக இரண்டு வயதுப் பிள்ளையின் நெற்றி உயரம். அந்தப் பையனின் ஆறு சீட்டில் நாலு அந்த மூலையில்தான்.

இரண்டு வருஷமாக அந்தத் தகவல் எங்கள் அலமாரிக்குள்ளேயே இருந்திருக்கிறது. இரவு தூக்கம் வரவில்லை.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். இங்கே பெற்றோர் இருக்கிறீர்கள், டீச்சர்கள் இருக்கிறீர்கள், புள்ளிவிவரம் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். எதைச் சேகரிக்க வேண்டும், யார் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும்?

கிண்டி_இன்ஜினியர் · வெள்ளி, இரவு 11:35

நேர்மையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் இதைச் சென்டர்களிடம் விட்டால் நடக்காது என்று நினைக்கிறேன். மாநில லைசென்சிங் துறையின் தளத்தில் ஒவ்வொரு டேகேரின் இன்ஸ்பெக்‌ஷன் வரலாறும் இருக்கிறது. மகளைச் சேர்க்கும் முன் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த ஒன்பது இடங்களைப் பார்த்தேன். குறைவான குறிப்பு உள்ள மூன்றை எடுத்தேன், அதில் ஒன்றுமே இல்லாத இடத்தில் சேர்த்தேன். எல்லாப் பெற்றோரும் இப்படிச் செய்தால் மோசமான இடங்கள் தானாகத் திருந்தும். காயச் சீட்டின் எண்ணிக்கையையும் அதே தளத்தில் போட்டுவிடலாம்.

வேப்பம்பூ · சனி, காலை 7:10

தளத்தைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்றுமே இல்லாத இடம் என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள் தம்பி. உள்ளே இருப்பவள் சொல்கிறேன்.

அந்தத் தளத்துக்கு என்ன போகிறது என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் சிகிச்சை தேவைப்பட்ட காயம், பிள்ளை காணாமல் போவது, துன்புறுத்தல் சந்தேகம், விஷம் சாப்பிட்டுவிடுவது, தொற்று பரவுவது, தீவிபத்து போன்றவற்றை லைசென்சிங் அலுவலகத்துக்கு அடுத்த வேலை நாளுக்குள் போனில் சொல்ல வேண்டும். ஏழு நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். எல்ஐசி 624 என்று அதற்கு ஒரு படிவம் உண்டு. நெற்றிப் புடைப்பும் கடியும் அங்கே போகாது. அவை எங்களோடு நின்றுவிடும்.

இன்ஸ்பெக்‌ஷனில் தவறு கண்டால் ஏ வகை, பி வகை என்று எழுதுவார்கள். ஏ என்றால் பிள்ளைக்கு உடனடி ஆபத்து. அந்த அறிக்கையைப் பெற்றோர் கண்ணில் படும் இடத்தில் 30 நாள் ஒட்டி வைக்க வேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் நகல் தந்து கையெழுத்தும் வாங்க வேண்டும். நல்ல விதி. அதற்காகவே பயந்து போன் செய்யாமல் விடுகிற இடமும் உண்டு. நானே ஒவ்வொன்றையும் போன் செய்து சொல்வதால் எங்கள் பக்கத்தில் குறிப்பு அதிகம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நீங்கள் என்னைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

பின்னக்_கணக்கு · சனி, காலை 9:25

தொழில்முறையாகத் தரவு பார்ப்பவன். டேகேர் அனுபவம் பெற்றோராக மட்டும்.

வெறும் எண்ணிக்கையை வைத்து இரண்டு சென்டர்களை ஒப்பிடவே முடியாது. பின்னத்தில் மேலே காயம், கீழே என்ன? ஒரு இடத்தில் நாற்பது பிள்ளைகள் காலை 9 முதல் 12 வரை இருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் நாற்பது பிள்ளைகள் காலை 7:30 முதல் மாலை 6 வரை. இரண்டாவதில் காயம் மூன்று மடங்கு இருந்தாலும் மணிக்கணக்கில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதோடு வயது. நடை பழகும் பிள்ளைகள் அதிகம் உள்ள இடத்தில் விழுவதும் அதிகம்.

இதே சிக்கல் நாடு முழுக்க இருக்கிறது. 2014ல் அமெரிக்க நாடாளுமன்றம் குழந்தைப் பராமரிப்பு மானியச் சட்டத்தைப் புதுப்பித்தது. 2016ல் அதற்கான விதிகள் வந்தன. ஒவ்வொரு மாநிலமும் இன்ஸ்பெக்‌ஷன் முடிவுகளை எளிய மொழியில் இணையத்தில் போட வேண்டும், லைசென்ஸ் உள்ள இடத்துக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். டேகேர்களில் நடந்த மரணம், கடும் காயம், நிரூபணமான துன்புறுத்தல் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'கடும் காயம்' எது என்று அந்தந்த மாநிலமே வரையறுத்துக்கொள்ளலாம். ஒரு மாநிலத்தில் அந்தக் கணக்கில் வரும் காயம் இன்னொரு மாநிலத்தில் வராமல் போகலாம். இரண்டு மாநிலங்களின் எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதில் அர்த்தமே இல்லை. எத்தனை பிள்ளைகள் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள், ஆனால் அது லைசென்ஸ்படி எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்ற எண். உண்மையில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்பது இல்லை.

வேப்பம்பூ அவர்களே, உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காலை மாலை வருகைப் பதிவில் பெற்றோர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள் அல்லவா? பிள்ளை-மணி, அதாவது ஒவ்வொரு பிள்ளையும் இருந்த மணி நேரம், அதிலேயே இருக்கிறது. அதைக் கூட்டி, சீட்டு எண்ணிக்கையை அந்த மொத்தத்தால் வகுத்தால் உங்கள் அறையை உங்கள் அறையோடே மாதாமாதம் ஒப்பிடலாம். பக்கத்து சென்டரோடு ஒப்பிடும் ஆசையை விட்டுவிடுங்கள்.

மதியத்_தூக்கம் · சனி, மதியம் 1:45

நான் இன்ஃபன்ட் ரூம் டீச்சர். பிள்ளைங்க தூங்குற நேரத்துல எழுதுறேன்.

நீங்க எல்லாரும் தரவு தரவுன்னு சொல்றீங்க. அதை எழுதுற கை எங்களுது. ஒரு ஆளுக்கு நாலு கைக்குழந்தை. பால் எவ்வளவு, டயபர் எத்தனை, மருந்து எப்போ, தூக்கம் எப்போ, எல்லாம் எழுதணும். இதுல தூக்கப் பதிவைப் பத்தி மட்டும் சொல்லிடறேன், மனசுல ரொம்ப நாளா கிடக்கு.

கலிஃபோர்னியாவில் 2020லேர்ந்து ரெண்டு வயசு வரைக்கும் தூங்குற பிள்ளையை 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்துல போய்ப் பாத்து எழுதணும். மூச்சுத் திணறுதா, உடம்பு சூடா இருக்கா, முகம் சிவந்திருக்கான்னு பாக்கணும். முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல பிள்ளைங்க எழுந்தப்புறம் மூணு மணிக்கு உக்காந்து 12:15, 12:30, 12:45ன்னு ஒரே பேனாவுல, ஒரே கையெழுத்துல வரிசையா எழுதினதைக் கண்ணால பாத்தேன். நான் கேட்டப்போ, "பிள்ளைதான் நல்லா எழுந்துடுச்சே"ன்னு சொன்னாங்க. அந்தக் காகிதம் பொய். கட்டங்கள் நிரம்பியிருக்கு, ஆனா யாரும் தொட்டில் பக்கம் போகலை.

நான் அவங்களைக் கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். அது எதுக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. எனக்கு ஒரு பயிற்சியில சொன்னாங்க, அன்னிலேர்ந்து ஒரு கட்டம்கூடப் பாக்காம எழுதினதில்லை. ரேச்சல் மூன்னு ஒரு குழந்தை மருத்துவர். 1995லேர்ந்து 1997 வரைக்கும் 11 மாநிலங்கள்ல நடந்த திடீர் சிசு மரணங்களை எடுத்துப் பாத்தாங்க. டேகேர்ல கிடக்கிற நேரத்தை வச்சுக் கணக்குப் போட்டா 8 சதவீதம்தான் அங்க நடந்திருக்கணும். ஆனா நடந்தது 20 சதவீதம். ஏன்னு தேடினப்போ, வீட்டுல மல்லாக்கப் படுத்துப் பழகின குழந்தையை டேகேர்ல குப்புறப் படுக்க வச்சது ஒரு முக்கியக் காரணம்னு தெரிஞ்சது. பழக்கமில்லாத குழந்தைக்குக் குப்புறப் படுக்கறது ரொம்ப ஆபத்து. அதுலயும் சேர்ந்த முதல் வாரம், அதுலயும் முதல் நாள்.

மல்லாக்கப் படுக்க வைக்கணும்கிற பிரசாரம் இங்க 1994லயே ஆரம்பிச்சாச்சு. வீடுகளுக்குப் போய்ச் சேந்த செய்தி டேகேருக்குச் சேரலை. ஒவ்வொரு சாவையும் எந்த இடம், எந்த நிலைன்னு யாரோ ஒழுங்கா எழுதி வச்சதாலதான் இது வெளிய வந்தது. அதனாலதான் நான் புதுக் குழந்தை வந்தா முதல் வாரம் அந்தத் தொட்டிலை என் நாற்காலி பக்கத்துல போட்டுக்கறேன்.

ஒரு குழந்தை முழிச்சிடுச்சு. அப்புறம் வரேன்.

பின்னக்_கணக்கு · சனி, மதியம் 2:20

மேலே உள்ள பதிவை எல்லோரும் இரண்டு முறை படிக்க வேண்டும். சரியாக 15 நிமிட இடைவெளியில், ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லாத பதிவு வந்தால் அது பார்க்காமல் எழுதியது என்று எங்கள் தொழிலிலும் சந்தேகிப்போம். மனிதர் உண்மையாகப் போய்ப் பார்த்தால் 12:14, 12:31 என்றுதான் வரும். டைரக்டர்கள் இதை மட்டும் கவனித்தாலே போதும்.

சிவகங்கைப்_பாட்டி · சனி, மாலை 6:05

நான் பேரனைப் பாத்துக்க ஆறு மாசமா இங்க இருக்கேன். சாயந்திரம் நான்தான் போய்க் கூட்டியாறேன். மருமக எழுதிக் குடுத்துத்தான் இதுல சேந்தேன்.

அந்தச் சீட்டுல கையெழுத்துப் போடறவ நான்தான். என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்கிலீஷு, அதுலயும் கோழி கிண்டுன மாதிரி எழுத்து. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே நீட்டும், நானும் போட்டுட்டு வந்துருவேன். சீட்டைப் பையில வச்சா வச்சது, மருமக கண்ணுல படறதுக்குள்ள துணியோட துவைஞ்சு போயிரும். எங்க சென்டர்ல சாயந்திரம் நிக்கிறவங்கள்ல பாதிப் பேரு என்னை மாதிரித்தான், பாட்டி, தாத்தா. பஞ்சாபி, சைனீஸ் எல்லாம் உண்டு.

ஊர்ல நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு வாங்கினவ. அங்கன்வாடியில மாசாமாசம் பிள்ளைக எடையைப் பாத்து வளர்ச்சி அட்டையில புள்ளி வைப்பாக. ஒத்தப் புள்ளியைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. புள்ளியச் சேத்துக் கோடா இழுத்தாத்தான் பிள்ளை ஏறுதா, தேயுதான்னு தெரியும். கோடு படுத்துட்டா அன்னிக்கே அந்த வீட்டுக்குப் போயிருவோம். எடை போடறது எடை போடறதுக்காக இல்லம்மா, அந்த வீட்டுக்குப் போறதுக்காக. நீ ரெண்டு வருசம் புள்ளி வச்சுருக்க, கோடு இழுக்கல. அவ்வளவுதான். இப்ப இழுத்துட்டல்ல, தூங்கு.

வேப்பம்பூ · சனி, இரவு 8:30

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்து வாங்கிவிட்டோம் என்றால் பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். திங்கள் முதல் சீட்டைப் படம் எடுத்து அம்மா அப்பா இருவருக்கும் செய்தியாக அனுப்பச் சொல்லப் போகிறேன். பாட்டி தாத்தாவிடம் வாயாலும் சொல்ல வேண்டும், உடம்பில் அடிபட்ட இடத்தைத் தொட்டுக் காட்டி. அதற்கு மொழி வேண்டாம்.

டாலஸ்_வாசி · ஞாயிறு, காலை 8:15

டெக்சாஸ் நிலவரம் சுருக்கமாக: இங்கே ஒவ்வொரு விதிக்கும் அதிக ஆபத்து முதல் குறைந்த ஆபத்து வரை ஐந்து எடை வைத்திருக்கிறார்கள். மீறல்களை அந்த எடையோடு தளத்தில் காட்டுகிறார்கள். காகிதம் ஒன்று குறைந்ததும் கைக்குழந்தையைத் தனியே விட்டதும் ஒரே கணக்கில் வராது. கிண்டி_இன்ஜினியர் தம்பி தேடுவது இதுபோல ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கடித்த_பிள்ளையின்_அம்மா · ஞாயிறு, காலை 10:40

இந்தப் பெயரில் எழுதுவது வேண்டுமென்றேதான்.

என் மகனுக்கு இரண்டரை வயதில் பேச்சு வரவில்லை. பேச முடியாத பிள்ளை கடிக்கும். அது அவன் மொழி. அவன் போன டேகேரில் ஒவ்வொரு கடிக்கும் சீட்டு எழுதினார்கள். கடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒருநாள் என்னை அழைத்து எல்லாச் சீட்டையும் ஒரு கட்டாகக் காட்டி, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இரண்டு வாரம் தந்தார்கள். தரவைச் சேகரித்தார்கள், பயன்படுத்தவும் செய்தார்கள். என் பிள்ளையை வெளியே அனுப்பப் பயன்படுத்தினார்கள்.

அந்தக் கட்டை வீட்டுக்கு வாங்கி வந்து நானும் வேப்பம்பூ செய்த மாதிரி அடுக்கினேன். முக்கால்வாசிக் கடி வெளியிலிருந்து உள்ளே வரும் நேரத்தில், கதவருகே நெரிசலில். சத்தமும் நெரிசலும் அவனுக்கு ஆகாது. கடைசியாக வரிசையில் விட்டிருந்தால், ஒரு கையைப் பிடித்திருந்தால் பாதி நடந்திருக்காது. அந்தச் சீட்டுகளில் அதுவும் எழுதியிருந்தது. அவன் பெயரை மட்டும் படித்தார்கள், நேரத்தைப் படிக்கவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2005ல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் ஆராய்ந்து சொன்னார்: அரசு நிதியில் நடக்கும் முன்மழலை வகுப்புகளில் வெளியேற்றப்படும் விகிதம், பள்ளி வகுப்புகளில் வெளியேற்றப்படுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள்.

ஆகவே சீட்டு எண்ணிக்கையைத் தளத்தில் போடலாம் என்று முதலில் எழுதியவருக்குச் சொல்கிறேன். போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? எண்ணைக் குறைக்க எளிய வழி, சீட்டு உண்டாக்கும் பிள்ளையைச் சேர்க்காமல் இருப்பது.

கிண்டி_இன்ஜினியர் · ஞாயிறு, மதியம் 12:10

மன்னித்துவிடுங்கள் அக்கா. நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. எண்ணிக்கையை வெளியிடலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் வெளியிட்டு உருப்படியான ஒன்றையும் சொல்ல வேண்டும், தண்ணீர்க் குழாயில் ஈயம். கலிஃபோர்னியாவில் 2018ல் ஒரு சட்டம் வந்தது. 2010க்கு முன் கட்டிய கட்டடத்தில் இருக்கிற லைசென்ஸ் உள்ள சென்டர்கள் எல்லாம் 2023 ஜனவரி 1க்குள் குடிநீரில் ஈயம் சோதிக்க வேண்டும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. நூறு கோடியில் 5 பங்குக்கு மேல் இருந்தால் அந்தக் குழாயை உடனே நிறுத்த வேண்டும். முடிவுகள் வெளியானபோது சோதித்த சென்டர்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் ஏதாவது ஒரு குழாயாவது அந்த அளவைத் தாண்டியிருந்தது. என் மகள் போகும் இடத்தையும் தேடினேன். பின்கட்டுச் சிங்க் ஒன்று தாண்டியிருந்தது. டைரக்டரிடம் கேட்டேன், குழாயை மாற்றிவிட்டு மறுசோதனைத் தாளையும் காட்டினார்.

இது ஏன் நடந்தது என்று யோசித்தேன். எல்லா இடத்திலும் ஒரே முறை, ஒரே அளவு, வெளி ஆய்வகம், தாண்டினால் என்ன செய்வது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. எந்தப் பிள்ளையின் பெயரும் எந்த டீச்சரின் பெயரும் அதில் இல்லை.

வேப்பம்பூ · ஞாயிறு, மாலை 4:50

கடித்த_பிள்ளையின்_அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தபின் சீட்டுகளைத் தொகுக்க நான் போட்ட அட்டவணையில் ஒரு நெடுவரிசையை அழித்தேன். பிள்ளையின் பெயர் இருந்த நெடுவரிசை. டீச்சர் பெயர் நெடுவரிசையையும் எடுத்துவிட்டேன். சீட்டில் பெயர் இருக்க வேண்டும், அது பிள்ளையின் ஃபைலுக்கு. மாதாந்திரக் கூட்டத்தில் நாங்கள் பார்க்கும் அட்டவணையில் வயது, இடம், நேரம், என்ன செய்துகொண்டிருந்தார்கள், பெரியவர்கள் எங்கே நின்றார்கள், இவ்வளவுதான். 'பெரியவர்கள் எங்கே நின்றார்கள்' என்பது எங்கள் சீட்டில் இதுவரை இல்லாத கேள்வி. யாரையும் மாட்டிவிட அல்ல, நிற்கும் இடத்தை மாற்ற.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்னக் காயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று என் சென்டரிலேயே ஒருவர் கேட்டார். ஒருபக்கம் இறக்குகிற தொட்டில்கள் நினைவிருக்கிறதா? இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவை. பக்கச் சட்டம் கழன்று, இடைவெளியில் குழந்தை சிக்கிக்கொள்ளும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் துரதிர்ஷ்டம், சரியாகப் பூட்டவில்லை என்று தாயைச் சொல்லலாம். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எல்லா ஊர் அறிக்கையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் 2000 முதல் குறைந்தது 32 குழந்தைகள் அந்த ஒரே விதத்தில் இறந்தது தெரிந்தது. 2011 ஜூனில் அந்தத் தொட்டில்களை விற்கத் தடை வந்தது. டேகேர்கள் 2012 டிசம்பர் 28க்குள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அப்போது நான் உதவி டீச்சர். பழைய தொட்டில்களைக் கழற்றி உடைத்துக் குப்பை லாரியில் ஏற்றியது நன்றாக நினைவிருக்கிறது. யாரும் எடுத்துப் போய்ப் பயன்படுத்திவிடக் கூடாது என்று உடைக்கச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டு_டேகேர் · ஞாயிறு, இரவு 9:30

நான் வீட்டிலேயே நடத்துகிறேன். பெரிய லைசென்ஸ், 14 பிள்ளைகள் வரை வைத்துக்கொள்ளலாம். எனக்கும் ஒரு உதவியாளருக்கும் அட்டவணை, வகுத்தல் எல்லாம் முடியாது. சமையல், துடைப்பு எல்லாமே நாங்கள்தான்.

நான் செய்வது இதுதான். வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளை விழுந்தால் விழுந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. காலை என்றால் நீலம், மாலை என்றால் சிவப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு தாள். போன தடவை சிவப்புப் புள்ளிகள் சோபா முனையில் குவிந்தன. பெற்றோர் வருகிற நேரம், பிள்ளைகள் ஜன்னலில் பார்க்க சோபா மேல் ஏறுகிறார்கள். சோபாவை நகர்த்தி, ஜன்னலடியில் ஒரு தாழ்ந்த படி போட்டுவிட்டேன்.

விழாமல் தப்பித்தாலும் புள்ளி வைப்பேன். தப்பித்ததில்தான் அதிகம் தெரிகிறது.

மதியத்_தூக்கம் · ஞாயிறு, இரவு 10:15

அக்கா, அந்தத் தரைப்படம் எனக்கு வேணும். எழுதறதைவிடப் புள்ளி வைக்கிறது சுலபம்.

ஒண்ணு மட்டும் வேப்பம்பூ அக்காகிட்ட கேட்டுக்கறேன். பதினோரு மணி நெருக்கடி நேரத்துக்கு ஒரு ஆள் கூடுதலா வேணும்னு தரவு சொல்லுது. ஓனர்கிட்ட அதைக் கேப்பீங்களா? இல்ல, "இன்னும் கவனமா இருங்க"ன்னு எங்களுக்கே ஒரு நோட்டீஸ் வருமா? எல்லா இடத்துலயும் கடைசியில அதுதான் வருது.

வேப்பம்பூ · ஞாயிறு, இரவு 10:40

கேட்பேன். கேட்டுவிட்டு இங்கே வந்து சொல்கிறேன்.

வேப்பம்பூ · இரண்டு மாதம் கழித்து, வியாழன், இரவு 9:20

சொன்னபடி வந்திருக்கிறேன்.

அலமாரியை முதல் திங்கட்கிழமையே அகற்றினோம். தொட்டி முன் தண்ணீர் உறிஞ்சும் பாய், பிள்ளைகளுக்கு அடியில் ரப்பர் பொட்டு வைத்த சாக்ஸ். இது சுலபம்.

ஆள் கேட்டது சுலபமாக இல்லை. ஓனர் முதலில் முடியாது என்றார். தரைப்படத்தைக் காட்டினேன். நேரத்தைக் காட்டினேன். புது ஆள் போட மறுத்துவிட்டார், ஆனால் ஒரு டீச்சரின் மதிய இடைவேளையை 12 மணிக்குத் தள்ளி, 11:15 முதல் 11:45 வரை மூன்றாவது ஆளாக நிறுத்த ஒப்புக்கொண்டார். அந்த டீச்சருக்குப் பசிக்கிறது என்று சொன்னார், அதனால் 10:30க்குப் பத்து நிமிடம் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். நோட்டீஸ் எதுவும் ஒட்டவில்லை, மதியத்_தூக்கம்.

அந்த மூலையில் இரண்டு மாதத்தில் ஒரே ஒரு புள்ளி. ஆனால் சென்டரின் மொத்தச் சீட்டு கூடியிருக்கிறது. தப்பித்ததையும் எழுதச் சொன்னேன், பெயர் பார்க்க மாட்டேன் என்று சொன்னேன், எழுதுகிறார்கள். ஓனருக்கு இது கவலை. ஃபைல் தடித்தால் இன்ஸ்பெக்‌ஷனில் என்ன நினைப்பார்கள் என்கிறார். தடித்த ஃபைலோடு தரைப்படத்தையும் வைத்துக் காட்டுவோம் என்று சொல்லியிருக்கிறேன். வந்து பார்க்கும்போது என்ன சொல்கிறார்களோ தெரியவில்லை.

ஆறு சீட்டு கொண்டு வந்த அப்பாவுக்கு இரண்டு தரைப்படத்தையும் காட்டினேன், முந்தையதும் இப்போதையதும். அவர் உள்ளறைப் படத்தைப் பார்த்துவிட்டு, "வெளி முற்றத்துக்குப் படம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை. அன்றே வரைந்தேன். மூன்று வாரத்தில் ஏறுசட்டத்துக்கு அடியில் புள்ளிகள் சேர ஆரம்பித்தன. முந்தாநாள் ஒரு ஸ்கேலை எடுத்துப் போய்க் கீழே கொட்டியிருக்கும் மரச்சில்லுக்குள் நட்டுப் பார்த்தேன். 9 அங்குலம் இருக்க வேண்டும். பிள்ளைகள் குதிக்கும் இடத்தில் நாலுகூட இல்லை, ஓரங்களில் மட்டும் குவிந்திருக்கிறது. இப்போதைக்கு ஏறுசட்டத்தைக் கயிறு கட்டி மூடியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை சில்லு லாரி வருகிறது.